கேசட்டின் மிச்சத்தில் ஓர் இத்தாலிக்காரர்

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் தொழிலில் பாட்டு ஒரு தொல்லையே இல்லை. பாட்டு முடிந்த பிறகு மிஞ்சுகிற டேப்தான் தொல்லை.

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு ஏற்றினால் இருபத்தேழு நிமிடம் போய்விடும். ஏழாவது பாட்டு நாலரை நிமிடம். பாதியில் அறுத்தால் சண்டைக்கு வருவார்கள். வெறுமையாக விட்டால் கடைக்காரம்மா சோம்பேறி என்பார்கள். ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மூன்று நிமிடத்துக்காக நாம் பட்ட பாடு ஞாபகம் வரும்.

தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டி போகிற சாலையில் என் கணவர் வைத்த கடை அது. அவர் இறந்த மறு வருடம், தொண்ணூற்றாறில், நான் போய் உட்கார்ந்தேன். மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்தவள்; படித்தது எதுவும் அந்த நாற்காலியில் உதவவில்லை. உதவியது அவர் விட்டுப்போன ஒன்பது இசைத்தட்டுகள். மலை மேலே ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கி வந்தவை. எல்லாம் ஒரே இத்தாலிக்காரரின் சினிமா இசை, பாட்டுகள். ஒவ்வொன்றின் நீளமும் அட்டையில் அச்சாகியிருக்கும்: ஒரு நிமிடம் பத்து நொடி, இரண்டு நாற்பது, நாலு நிமிடம். மிச்சம் எவ்வளவோ அந்த அளவில் ஒன்றை எடுத்துப் போடுவேன், அளவெடுத்த ஜாக்கெட் மாதிரி பொருந்தும். சில வருடங்களில் ஆண்டிபட்டி முதல் கூடலூர் வரை என் கடையில் பதிந்த கேசட்டெல்லாம் அவரோடுதான் முடிந்தன.

அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கே மூன்று பெயர்; எதைச் சொல்வது? எங்கள் கடையில் 'இத்தாலிக்காரர்' என்றால் போதும். இது அவர் கதை. நான் பழக்கதோஷத்தில் செய்த ஒரு வேலையால் உத்தமபாளையத்து அம்மா ஒருத்தி தன் மகனின் நான்கு நிமிடத்தை இழந்த கதையும்கூட. ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

பின் சீட்டு

கம்பத்திலிருந்து குமுளி வழியாக ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ஒருவர், காதல் பாட்டாகப் பொறுக்கி ஒரு கேசட் பதிந்து போனார். மிச்சம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. வழக்கம்போல் இத்தாலிக்காரர். முதலில் ஒற்றை மத்தளம், நெஞ்சு அடிப்பது போல. பிறகு ஒரு பெண் குரல், வார்த்தை இல்லாமல் முணுமுணுக்கும். அழுகை என்றும் சொல்ல முடியாது, தாலாட்டு என்றும் சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து வந்தார். முகம் சரியில்லை. மலையில் ஏறும்போது எதிரே வண்டி தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்ததாம். பாட்டு முடிந்து அந்தக் குரல் வந்திருக்கிறது. பின்னால் ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"கேசட்ட மாத்தச் சொல்லி வரலக்கா. ஏறும்போது எண்ணித்தான் ஏத்துனேன், பதிமூணு பேரு. அந்தச் சத்தம் வந்ததும் கண்ணாடியில பதினாலு தலை. சத்தம் நின்னதும் பதிமூணு. அந்தப் பதினாலாவது ஆளு யாருன்னு மட்டும் சொல்லிருங்க."

சிஸ்டர் படித்த அட்டை

யாரென்று எனக்கே தெரியாது. அட்டை முழுக்க இத்தாலி மொழி. அந்தச் சமயத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிய ஒரு சிஸ்டர் கடைக்கு வந்தார். கட்டப்பனைப் பக்கத்து மலையாளி. இத்தாலியில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்து திரும்பியவர். அட்டையைப் பார்த்ததும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வரும் வழியில் உட்கார்ந்து, ஒன்பது அட்டையையும் படித்துச் சொன்னார்.

வடக்கே ஓர் ஆற்றங்கரை ஊர். வருடத்தில் பாதி நாள் மூடுபனி. தகப்பன் ஊர் பேண்டில் டிரம்பெட் ஊதியவர். கல்யாணத்துக்கும் பிணத்துக்கும் அதே பேண்டுதான், அதே சட்டைதான். மகன் சின்ன வயதிலேயே பிண ஊர்வலங்களில் மத்தளம் அடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். பிறகு இசைக் கல்லூரி. பிறகு பிழைப்புக்காக ரேடியோ பாடகிகளுக்கு மெட்டு. கோடைக்குக் கோடை ஒரு கடற்கரைப் பாட்டு. அதற்கு ஒரு புனைபெயர். குதிரையும் துப்பாக்கியுமான படங்களுக்கு அமெரிக்கக்காரன் போல ஒரு பெயர். கொலைப் படங்களுக்கு மட்டும் தகப்பன் வைத்த பெயர். கதவு திறக்கப் பதினெட்டு நொடி, படி இறங்க ஒரு நிமிடம் பத்து நொடி என்று டைரக்டர் எழுதிக் கொடுப்பாராம். இவர் அந்த அளவுக்கு இசை வெட்டிக் கொடுப்பாராம். கேட்டதும் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கடல் தாண்டி இருந்தாலும் ஒரே தொழில்தானே.

பிறகு அந்த முணுமுணுப்பைப் பற்றிக் கேட்டேன். சிஸ்டர் ஒரு வரியை இரண்டு முறை படித்தார். படத்தில் கொலையுண்ட பெண் இனி இந்த வீட்டை எப்படிப் பார்ப்பாளோ, அப்படிக் கேமரா அறை அறையாகப் போகும் இடங்களில் மட்டும் அந்தக் குரல் வருமாம். பாடியவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. சிஸ்டர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"இது ஜீவனுள்ளவங்களுக்காகப் பாடுனதில்ல சேச்சி. இத எத்தன வீட்டுக்குள்ள அனுப்பிட்டீங்க?"

நாற்பது பிள்ளைகள்

அதற்காகக் கடற்கரைப் பாட்டுகளும் அப்படித்தான் என்று நினைக்கவில்லை. துள்ளலான பாட்டுகள். பக்கத்திலிருந்த ஒரு நர்சரிப் பள்ளியின் டிரில் மாஸ்டர், ஆண்டு விழாவுக்கு யாரும் கேட்டிராத பாட்டு வேண்டும் என்றார். ஒன்று பதிந்து கொடுத்தேன். இரண்டு மாதம் பயிற்சி. மஞ்சள் கவுன் போட்ட நாற்பது பிள்ளைகள் இத்தாலி வார்த்தைகளை மனப்பாடம் செய்து, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், நல்ல வெயிலில் மேடையேறிப் பாடினார்கள். கையை அலைபோல ஆட்டினார்கள். கடைசியில் வரிசையாக நின்று, ஒவ்வொரு பிள்ளையாகக் கையை மேலே தூக்கியபடியே தரையில் உட்கார்ந்து மறைந்தது. பெற்றோர் கைதட்டினார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் மட்டும் தட்டவில்லை. காதோரம் குனிந்து பொருள் சொன்னார். கடலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. கரையில் குடைகளை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் துண்டோடு நிற்கிறாள். விழா முடிந்ததும் சிஸ்டர் மாஸ்டரிடம் போய், கடைசியில் பிள்ளைகளை அப்படி முழுகவிட உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சிஸ்டர். பாட்டே அந்த எடத்துல பிள்ளைகள ஒண்ணொண்ணா உக்காரச் சொல்லுச்சு. நான் சொல்லிக் குடுத்தேன், அம்புட்டுதான்."

முள் படுத்த இடம்

இனி ஹவ்வாம்மா. உத்தமபாளையம். கணவர் வாழைத்தார் வியாபாரம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர் இருப்பார். தொண்ணூற்றொன்பதாம் வருடம், ஆனிக் காற்று ஆரம்பித்திருந்த ஒரு பகலில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்டோடு வந்தார்.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் பலருக்கு அரபு நாட்டிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட் வரும். ஹவ்வாம்மாவின் மகன் சுல்தான் சவுதியில் எலக்ட்ரீசியன். பேசி, பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவான். முந்தைய வருடம் அங்கேயே ஒரு வண்டி விபத்தில் இறந்துபோனான். அங்கேயே அடக்கம். சேதி வந்து ஒன்பது நாள் கழித்துக் கடைசிக் கேசட் வந்து சேர்ந்தது. "நெதம் போட்டுக் கேக்குறேன்க்கா. தேஞ்சு போகுமாம்ல. இன்னொண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்.

கடிதக் கேசட்டுக்கு எங்கள் கடையில் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் காதால் கேட்கக் கூடாது. ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, மெஷினில் ஆடுகிற முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். முள் ஆடினால் பேச்சு. முள் படுத்தால் பேச்சு முடிந்தது. என் கணவர் கற்றுக்கொடுத்தது இது. அதுவரை ஒருநாளும் தவறியதில்லை. சுல்தானின் முள் இருபத்தாறு நிமிடம் ஆடிவிட்டுப் படுத்தது. லேசாகத் துடித்துக்கொண்டுதான் இருந்தது. டேப் இரைச்சல் என்று நினைத்தேன். பதிவை நிறுத்தி, புதுக் கேசட்டின் மிச்ச நான்கு நிமிடத்துக்கு இத்தாலிக்காரரை ஏற்றினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு நல்லதாக ஒன்று செய்வோம் என்றுதான், செத்தவர்களுக்கான அந்தக் குரல் இருந்ததையே போட்டேன். அந்த இடைவெளியில் அடுத்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்த பழைய கேசட் ரோலரில் சுற்றிக்கொண்டது. இழுத்தேன். கடைசிப் பகுதி கசங்கிவிட்டது. வெறும் டேப்தானே என்று பிளேடால் வெட்டி, நுனியைச் சக்கரத்தில் செருகி, வெட்டியதைக் கழிவுச் சாக்கில் போட்டேன். தொழில் செய்கிறவர்களுக்குப் புரியும். கை தானாகச் செய்கிற வேலை அது.

மூன்றாம் நாள் ஹவ்வாம்மா இரண்டு கேசட்டோடும் வந்து நின்றார். முக்காடு காற்றில் பறந்தது; இழுத்துப் பிடிக்கவில்லை.

"அக்கா, எம் மகன் பேசி முடிச்சதும் ஒரு பொம்பள முணுமுணுக்கிறா. அவன் ரூமுல பொம்பள இருந்தாளான்னு ரெண்டு நாளா நான் சோறு திங்கல. அவ யாராச்சும் இருந்துட்டுப் போறா. அவன் பேசாம இருந்தது எங்க?"

நான் செய்த அமைதி

பிறகுதான் விவரம் தெரிந்தது. பேசி முடித்த சுல்தான் மெஷினை அணைக்க மறந்து அப்படியே படுத்திருக்கிறான். கட்டில் சத்தம், ஃபேன், ஒரு பெருமூச்சு, பிறகு தூக்கம். டேப் தீர்ந்து தானாக நிற்கும் வரை நான்கு நிமிடம். ஹவ்வாம்மா தினமும் மத்தியானம் கேசட்டைப் போட்டு, அவன் தூங்கும் வரை கூட இருந்துவிட்டு, பிறகு தானும் படுப்பாராம். ஒரு வருடமாக. பேச்சு அவருக்குப் பெரிதில்லை. பேச்சில் அவன் சிமெண்டு விலை கேட்டிருந்தான், தங்கை கல்யாணம் பேசியிருந்தான். அதெல்லாம் முடிந்த கதை. தூக்கம்தான் தினமும் புதிதாக இருந்தது.

வெட்டிப் போட்டதை மறைத்து, "மெஷின்ல இருக்கு, எடுத்துத் தாறேன்" என்றேன். அவர் படி இறங்கியதும் சாக்கைத் தேடினேன். சாக்கு இல்லை. வீணான டேப்பை அவ்வப்போது அள்ளிப்போகிறவர் பெருமாள், பொட்டிப்புரத்து விவசாயி. முந்தின நாள்தான் வந்து போயிருந்தார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. ஷட்டரைப் பாதி இறக்கி, மேசை ஃபேனைப் போட்டு, மைக்கை வைத்து, நான்கு நிமிடம் உட்கார்ந்து மூச்சு விட்டேன். இருபத்தாறு வயதுப் பையன் தூங்குவது போல. நடுவில் நாற்காலியை ஒருதரம் அசைத்தேன். போட்டுக் கேட்டேன். அறையில் நான் மட்டும் இருந்தேன். டேப்பில் இருந்தது யார் என்று தெரியவில்லை. அதைப் பழைய கேசட்டின் வாலில் ஒட்டிக் கொடுத்தேன்.

மறுநாளே வந்துவிட்டார். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கேசட்டை மேசைமேல் வைத்து, என் நெஞ்சையே பார்த்தார்.

"இது பொம்பள மூச்சுக்கா. எடது பக்கம் சளி கட்டியிருக்கு, ஒரு நல்ல டாக்டரா பாருங்க. பத்து நாள் கழிச்சு வாறேன், எம் மகன நல்லாத் தேடி வைங்க."

கடிதம்

அந்தப் பத்து நாளில் டாக்டரிடம் போனேன். இடது பக்கம்தான்.

ஒரு சனிக்கிழமை சிஸ்டர் வந்தார். இத்தாலியில் தன்னோடு இருந்த இன்னொரு சிஸ்டருக்கு எழுதி, இந்த இசைக்காரர் என்ன ஆனார் என்று விசாரித்திருக்கிறார். பதில் வந்திருந்தது. உயிரோடுதான் இருந்தார். பிறந்த ஊருக்கே திரும்பி, அங்கே முதியோர் இல்லத்தில். யாரோடும் சினிமா பேச மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பாராம், கடைசி வரிக்கு முன்னால் எழுந்து போய்விடுவாராம்.

அந்தக் குரல் அவர் மனைவியுடையது. ஒரு மழை நாளில், ஒரு மணிநேரம் பதிந்த டேப். அடுத்த வருடம் அவள் இறந்துவிட்டாள். அதன் பிறகு வந்த படங்களில் எல்லாம் அந்த ஒரு மணிநேரத்தையே வெட்டி, ஒட்டி, மெதுவாக ஓடவிட்டு, பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டுப் போட்டிருக்கிறார். தயாரிப்பாளர்கள் புதிதாக யாரோ பாடுவதாக நினைத்தார்கள். சில பத்திரிகைகள் அந்தப் பாடகியைப் பாராட்டி எழுதினவாம். டேப் தேய்ந்து, குரலுக்குப் பதில் இரைச்சல் வரத் தொடங்கிய வருடம் அவர் சினிமாவை விட்டார். என் ஒன்பது இசைத்தட்டிலும் அந்தக் குரல் வந்த இடமெல்லாம் ஒரே பெண்ணின் ஒரே மழை நாள். அதைத்தான் நான் துண்டு துண்டாகக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க விநியோகித்திருக்கிறேன்.

இவ்வளவு நன்றாகப் பாடியவள் பெயரை ஏன் அட்டையில் போடவில்லை என்று அந்த சிஸ்டர் அவரிடமே கேட்டிருக்கிறார். அவர் சொன்னதைக் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தார். எங்கள் சிஸ்டர் தமிழில் சொன்னார்.

"அவள் பாடவில்லை, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், நான் பதிந்தது அவளுக்குத் தெரியாது."

கம்பங்காடு

பத்து நாள் ஆகும்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி உத்தமபாளையம் போய் ஹவ்வாம்மா முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியதை, மூச்சு விட்டதை, சாக்கு போன இடத்தை. அவர் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "காடு எங்கன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பொட்டிப்புரத்தில் பெருமாளுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கம்பு. கதிர் முற்றி, அறுப்புக்கு நாலு நாள் இருந்தது. அறுத்துவிட்டால் டேப்பை எல்லாம் சுருட்டிக் கொளுத்திவிடுவார்கள். குருவி விரட்ட எங்கள் பக்கத்தில் வயலுக்குக் குறுக்கே கேசட் டேப்பைக் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். காற்றில் அது அதிரும், வெயிலில் மின்னும், குருவி அண்டாது. மலை இடுக்கில் நுழைந்து வருகிற காற்று, நாங்கள் வரப்பில் இறங்கியபோது ஆளைத் தள்ளியது. நடுப்பகல். ஒரு பறவை இல்லை. காடு முழுக்க, குச்சிக்குக் குச்சி கட்டிய டேப்பெல்லாம் ஒரே நேரத்தில் முனகிக்கொண்டிருந்தன. என்னென்ன பாட்டு, யார் யார் பேச்சு, எல்லாம் ஒரே சுருதியில்.

பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "வாங்கக்கா. ஒங்க கடை டேப்பு ஒரு மாதிரிதான் கத்துது. பக்கத்துக் காட்டுல சும்மா படபடங்கும். இங்கன எங்க வீட்டுல களை எடுக்கக்கூட வர மாட்டேங்கிறாக" என்று சிரித்தார். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

சுல்தானுடையது வெளிநாட்டுக் கேசட். அந்த டேப் நல்ல கறுப்பு. நம் ஊர் டேப் காப்பித்தூள் நிறம். நிறத்தை வைத்துத் தேடலாம் என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் ஹவ்வாம்மா கம்புக்குள் இறங்கிவிட்டார். வடமேற்கு மூலைக்கு நேராகப் போனார். ஒரு குச்சிக்குப் பக்கத்தில் குனிந்து, டேப்பில் காதை வைத்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். கறுப்பு. அடுத்தடுத்த குச்சிகளில் இன்னும் நாலு. ஐந்து துண்டு, அவிழ்த்துக் கையில் சுற்றினோம். எப்படித் தெரிந்தது என்று அவரை நான் கேட்கவில்லை. பெருமாள் கேட்டார்.

"இதுல என்ன கண்டுபிடிக்க இருக்கு? மத்ததெல்லாம் முனகுதுல்ல, இது மட்டுந்தான் தூங்குது" என்றார் ஹவ்வாம்மா.

ஐந்து துண்டு

கடையில் மெஷின் பழுது பார்க்க வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற ராஜாங்கம், நாற்பது வயதுக்காரர், எதையும் முடியாது என்றுதான் ஆரம்பிப்பார். துண்டுகளைக் கண்ணாடிமேல் போட்டு, பஞ்சால் துடைத்து, முடிச்சின் சுருக்கத்தை நகத்தால் நீவினார். நான்கு நிமிடம் என்றால் முப்பத்தேழு அடி இருக்க வேண்டும். அளந்தால் முப்பத்து மூன்றுதான். நாலடி இல்லை. ஒரு துண்டைக் காற்று அறுத்துக்கொண்டு போனதாகப் பெருமாள் சொல்லியிருந்தார். "அஞ்சும் ஒரே மாதிரி உஸ்ஸுங்குது. எது மொதல்ல எது கடைசின்னு எவனால சொல்ல முடியும்? கெடைச்ச வரிசையில ஒட்டிருவோம்" என்றார்.

ஹவ்வாம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒவ்வொண்ணாப் போடுங்க தம்பி" என்றார். போட்டோம். எங்களுக்குக் கேட்டது ஃபேனும் கரகரப்பும்தான். அவர் கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே வந்தார். இது கட்டில்ல சாயுறது, மொதல்ல வரும். இது காலோட கால் ஒரசுறது, சின்னதுலருந்தே அப்படித்தான், ரெண்டாவது. வெளியில வண்டி போகுது பாருங்க, அது கடைசிக்கு முந்தி. இது வாய் தொறந்துருச்சு, நல்லாத் தூங்கிட்டான், இதான் கடைசி. சினிமாக்காரர்கள் காட்சிக்கு நொடி எண்ணிக் கொடுப்பது போல ஒன்றுமில்லாததற்கு வரிசை எண் கொடுத்தார். ராஜாங்கம் மறுபேச்சில்லாமல் ஒட்டினார். நான் ஒலியைக் குறைக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கடிதக் கேசட்டை முள்ளைப் பார்க்காமல் காதால் கேட்டேன். மூன்றாவது முறை ஓடவிட்டபோது எனக்கும் கேட்டது. அந்தச் சின்ன அறையில் நாலாவதாக ஒருவர் மெல்ல மெல்லத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தொலைந்த நாலடி இரண்டாவது துண்டுக்கும் மூன்றாவதற்கும் இடையில். ஏறக்குறைய இருபத்தைந்து நொடி. நான் மெல்லச் சொன்னேன், ஃபேன் சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கிறது, மூன்றாவது துண்டிலிருந்து கொஞ்சம் பிரதி எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடலாம், ஒட்டே தெரியாது என்று. என் கை அதற்குள் இன்னொரு கேசட்டை எடுத்துவிட்டிருந்தது. ஹவ்வாம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வெறும் டேப் இருக்கிறதா என்று ராஜாங்கத்திடம் கேட்டார். எதுவும் பதியாத புது டேப்பில் நாலடி வெட்டச் சொல்லி, அதைத் தானே வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"இத அங்கன வைங்க தம்பி. அம்புட்டு நேரம் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருக்கான். வந்து படுப்பான்."

ஊரெல்லாம் மிச்சம் நிரப்பிக் கொடுத்துப் பெயர் வாங்கிய என் தொழிலில், ஒரு கேசட்டில் இருபத்தைந்து நொடியை ஒன்றும் போடாமல் விட்ட வேலை ஒன்றுக்குத்தான் திரும்ப வந்து யாரும் குறை சொல்லவில்லை.